கடல் பக்கம் திரும்பும்போது

“பிந்துது.”

“எது பிந்துது?”

“படம்தான். நான் பிடியைத் தள்றேன், அது யோசிச்சிட்டு வருது.”

தங்கை, அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே தன் லேப்டாப்பை முன்னால் நீட்டினாள். “பதினாலு மில்லிசெகண்ட் அக்கா. ஒரு செகண்டை ஆயிரமா நறுக்கி, அதுல பதினாலு துண்டு. நீ கண்ணை மூடித் திறக்கறதுக்கே முந்நூறு ஆகும்.”

“வேலை பார்க்கும்போது நான் கண்ணை மூடறதில்ல.”

தங்கைக்கு வயது முப்பத்தாறு. கைபேசி நிறுவனத்தில் இன்ஜினியர். அவளுக்குக் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் அவள் இன்னமும் பொடிசு.

அது துறைமுக வேலிக்கு வெளியே புதிதாகப் போட்ட தகர அறை. நான்கு திரை, ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி. சன்னல் இல்லை. அறையை ஒட்டி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் யார்டு, யார்டின் விளிம்பில் கிரேன். பத்தொன்பது வருஷமாக அக்கா அந்தக் கிரேனின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில்தான் உட்கார்ந்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, காலடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துப் பார்த்தே கழுத்தெலும்பு தேய்ந்துபோயிற்று. இனியும் குனிந்தால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரேன்காரிக்குக் கை மரத்துப்போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால்தான் இந்த அறை. கிரேனில் கேமரா, கேமராவிலிருந்து மோடம் வழியாக மொபைல் டவர். முன்பெல்லாம் டவருக்கு வந்த படம் நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே நான்கு கேமராவின் படமும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, கீழே நிற்கும் ஆட்களைச் சுற்றி மஞ்சள் கோடு போடப்பட்டு, அப்புறம் திரும்பி வரும். அடுத்த வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிப் போவது மாதிரி. தங்கையின் வேலை, அந்தப் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு துண்டைக் கொண்டுவந்து டவரின் காலடியிலேயே வைப்பது. ஆளுயரப் பெட்டி ஒன்று. ஆறு மாசமாக அதற்குத்தான் அலைந்தாள்.

“இந்தப் பதினாலை எண்ணினது யாரு?” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பெட்டிதான்.”

“மாமியார் நல்லவளான்னு மாமியாரையே கேட்டு எழுதிக்கிட்டு வந்திருக்க.”

“அக்கா!”

“சரிடி, சொல்லல.”

தங்கையின் போன் அடித்தது. அவளுடைய மேலாளர்.

“வேலைக்கு விடலாம்னு படிவத்துல கையெழுத்துப் போட்டாச்சா? திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கப்பல் நிக்குது.”

“அக்கா கொஞ்சம் பிந்துதுன்னு…”

“யாரு? ஓட்டறவங்களா? புதுசுல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நம்பர் என்ன சொல்லுது?”

“பதினாலு.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் என்ன. தங்கை கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு பேனாவின் மூடியைத் தொலைத்தாள். நாற்காலிக்கு அடியில் தேடினாள், மேசைக்கு அடியில் தேடினாள். மூடி அவளுடைய இடது கையிலேயே இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவின் கணவர் கப்பலின் வயிற்றுக்குள் நின்று சரக்குக்குக் கொக்கி மாட்டுகிறவர். நாளைக்கு வரும் கப்பலில் இரும்புக் குழாய்க் கட்டுகள், ஒவ்வொன்றும் ஏழு டன். அக்கா மேலிருந்து கொக்கியை இறக்க, அவர் கீழே நின்று பிடித்து மாட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் இதுதான் வேலை. “நான் பொண்ணு பார்த்ததே அண்ணாந்துதான்” என்று யாரிடமும் சொல்லிக்கொள்வார்.

“ஏம்மா, சாப்பாட்டைக் கிளறிக்கிட்டே இருக்க. உள்ள ஏதாவது விழுந்துடுச்சா?”

“இல்ல மாமா.”

“கையெழுத்துப் போட்டதுலேர்ந்து அவ அப்படித்தான் இருக்கா” என்றாள் அக்கா. “காலைலேர்ந்து மூணு தரம் வாசல் கதவைப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டா. யாரும் வரல.”

“நீ பிந்துதுன்னு சொன்னியாமே?” என்றார் அவர் மனைவியிடம்.

“சொன்னேன்.”

“எவ்வளவு பிந்துது?”

அக்கா கரண்டியை எடுத்து மேசைமேல் நட்டாள். அதுதான் கிரேன். கரண்டியை வலது பக்கம் திருப்பினாள். “இங்க ஒண்ணும் இல்ல. நெனச்சா வருது.” இடது பக்கம் திருப்பினாள். “இங்க வந்ததும், கூப்பிட்டா ‘ம்’ சொல்லிட்டு அப்புறம் எழுந்து வருமே, உங்களை மாதிரி, அப்படி வருது.”

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

“இடது பக்கம் என்ன?”

“கடல்.”

“கடல் பக்கம் மட்டுமா பிந்துது?”

“ஆமா. கரைப் பக்கம் சொக்கத்தங்கம்.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து நீ எங்கடி கேட்ட? நம்பரையில்ல தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டிருந்த.”

தங்கை எழுந்து கை கழுவப் போனாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. கடல் பக்கம்தான் கப்பல் நிற்கும். கப்பலின் வயிற்றில்தான் மாமா நிற்பார்.

“என் மண்டைக்கு மேல வந்து ‘ம்’ சொல்லாம இருந்தா சரி” என்று பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. அவருக்கு அது வேடிக்கை. இவளுக்கு ஈரக்கை துவாலையில் காயவே மாட்டேன் என்றது.

*

யார்டு சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே கிடக்கிறவர். வாசல் அறையில் காலை நீட்டிக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு அரை மணி நேரம். நான் கிரேனுக்கு அடியில போய் நிக்கறேன். நீங்க ஆளை விட்டு அதோட கையைக் கடல் பக்கம் திருப்பச் சொல்லுங்க. நான் அளந்துட்டுப் போயிடறேன்.”

“நீங்க உள்ள இருந்தா கை திரும்பாது மேடம்.”

“ஏன்?”

“வெளியாள் யார்டுக்குள்ள இருந்தா கிரேனோட கை கரைப் பக்கம் பார்த்து நிக்கணும், பூட்டுப் போட்டு. எந்தக் காலத்திலயோ எவன் தலையிலயோ ஏதோ விழுந்து போட்ட விதி. நான் வந்ததுலேர்ந்து மாத்தினதில்ல.”

“நான் வெளியாளா? ஆறு மாசமா வந்துக்கிட்டிருக்கேன்!”

“உங்க அட்டை என்ன நிறம்?”

குனிந்து பார்த்தாள். “ஆரஞ்சு.”

“ஆரஞ்சுன்னா வெளியாள். எங்க மொதலாளி வந்தாலும் ஆரஞ்சுதான். இதுவரைக்கும் நீங்க அளக்க வந்த அன்னிக்கெல்லாம் பூட்டித்தானே வெச்சிருந்தேன்? பதினோரு தரமோ பன்னெண்டு தரமோ.”

தங்கை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

பதினோரு தரமோ பன்னிரண்டு தரமோ. கிரேனின் தோளில் ஏறி மோடத்துக்குப் பக்கத்தில் கருவியைப் பிடித்து அவள் அளந்த ஒவ்வொரு தடவையும் கை கரையைப் பார்த்துப் பூட்டிக் கிடந்திருக்கிறது. அவள் இருந்தாலே கிரேன் திரும்பாது. திரும்பின கிரேனை அவள் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சக ஊழியரைப் போனில் பிடித்தாள். பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

“ஞாயித்துக்கிழமை” என்றார் அவர், வணக்கத்துக்குப் பதிலாக.

“ஒரே ஒரு கேள்வி. நேத்து பயிற்சியப்ப கிரேனோட படம் முழுக்க எங்க பெட்டிக்குத்தான் வந்துதா?”

“உங்க பெட்டிக்கு வந்ததெல்லாம் உங்க பெட்டிக்கு வந்துது.”

“வராதது?”

பின்னணியில் ஏதோ ஒரு குழந்தை வாளியைத் தட்டிக்கொண்டிருந்தது.

“வராததைப் பெட்டி எப்படி எண்ணும்? விரிகுடாவுக்கு எதிர்க்கரையில ஒரு டவர் இருக்குல்ல, அதுல பெட்டி கிடையாது. மோடம் அங்க தாவிட்டா படம் நேரா இங்க வந்துடும், நாங்க தெச்சு அனுப்பிடுவோம். வேலை நிக்காது. அப்படித்தானே நீங்களே கேட்டு வாங்கினீங்க?”

ஆமாம், அவளேதான் கேட்டாள். வேலை நிற்கக்கூடாது என்று கேட்டாள். நிற்காது. பிந்தும். பிந்துவதை யாரும் எண்ண மாட்டார்கள்.

“நேத்து தாவிச்சான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?”

“அந்தக் கணக்கெல்லாம் வேற பிரிவு. நாளைக்குப் பத்து மணிக்கு வருவாங்க.”

“கப்பல் எட்டு மணிக்கு.”

“நான் என்ன பண்ணட்டும், கப்பலைப் பத்து மணிக்கு வரச் சொல்லட்டுமா?”

*

திங்கள் காலை ஏழரைக்கே கப்பல் கரையோடு ஒட்டி நின்றது. தகர அறையில் அக்கா நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் கதவில் சாய்ந்து நின்றார். தங்கை நின்றாள், நடந்தாள், மறுபடி நின்றாள்.

“பொடிசு, உட்காரு. எனக்குத் தலை சுத்துது.”

“அக்கா, எதிர்க்கரை டவருக்குத் தாவுதுன்னு நெனக்கறேன். ஆனா கையில ஆதாரம் இல்ல. பத்து மணிக்குத்தான் சொல்வாங்க.”

“பத்து மணி வரைக்கும் கப்பல் சும்மா நிக்காது மேடம்” என்றார் சூப்பர்வைசர். “சாயங்காலத் தண்ணி ஏறும்போது அது கிளம்பியாகணும். விட்டா தண்ணி எறங்கித் தரை தட்டும். பிந்துது பிந்துதுன்னா எவ்வளவு பிந்துதுன்னு சொல்லுங்க, நான் மேலிடத்துல சொல்றேன்.”

இருவரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். பதினாலு என்றது அது.

அக்காதான் வாக்கி-டாக்கியை எடுத்தாள். “என்னங்க, கேக்குதா?”

“கேக்குது” என்றார் கப்பலுக்குள்ளிருந்து கணவர்.

“கொக்கியை இன்னும் இறக்கல. ஓரமாவே நில்லுங்க. நான் ‘சரி’ன்னதும் நீங்க வாயால ‘இப்ப’ன்னு சொல்லணும். சொல்லும்போதே கையைத் தூக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும், புரிஞ்சுதா?”

“பள்ளிக்கூடத்துல ஆஜர் சொன்ன மாதிரியா?”

“அதேதான்.”

தங்கை நடப்பதை நிறுத்தினாள். வாக்கி-டாக்கிக்கு டவர் வேண்டாம், பெட்டி வேண்டாம், பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். அங்கே பேசினால் இங்கே கேட்கும். குரல் நேராக வரும். கை கேமரா வழியாக வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆறு மாசத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் கிரேனின் கை கரைப் பக்கம். யார்டில் சங்கிலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு, கையைத் தூக்கிக்கொண்டே ‘இப்ப’ சொல்லச் சொன்னாள் அக்கா.

“இப்ப.”

திரையில் அவர் கை உயர்ந்தது. குரலும் கையும் ஒன்றாகவே வந்தன.

“சொக்கத்தங்கம்” என்றார் சூப்பர்வைசர். அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அக்கா இடது பிடியைத் தள்ளினாள். வெளியே கிரேன் முனகிக்கொண்டு திரும்புவது தகரச் சுவர் வழியாகக் கேட்டது. திரையில் யார்டு நகர்ந்தது, கரை விளிம்பு வந்தது, தண்ணீர் வந்தது, கப்பலின் திறந்த வயிறு வந்தது. அடியில் மஞ்சள் கோட்டுக்குள் சின்னதாக ஒரு ஆள்.

“சரி” என்றாள் அக்கா.

“இப்ப.”

திரையில் அவர் சும்மா நின்றார்.

அப்புறம் கை தூக்கினார்.

அக்கா பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

“இன்னொரு தரம்” என்றாள் தங்கை.

“இப்ப” என்றது குரல். கை வரவில்லை. வந்தது.

“என்னம்மா, பாஸா ஃபெயிலா?” என்று கேட்டார் அவர். கேட்டு முடித்த பிறகும் திரையில் அவர் கை இறங்கிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “இவ்வளவு நேரத்துல ஏழு டன்னு எவ்வளவு தூரம் ஆடும்?”

“ஒரு முழம்” என்றாள் அக்கா. “காத்து இருந்தா ரெண்டு.”

தங்கை ஏற்கெனவே போனில் இருந்தாள். “அந்த மோடம் எதிர்க்கரைக்குத் தாவாம பூட்ட முடியுமா? எங்க டவரை மட்டும் பிடிக்கற மாதிரி?”

“ஒரே வரிக் கட்டளை” என்றார் தூரத்துச் சக ஊழியர். “இப்பவே போடறேன். போட்டாச்சு.”

ஒரே வரி! அவள் மூச்சு விட்டாள். அக்காவின் தோளைத் தட்டினாள். “கரைக்குப் போய்த் திரும்பி வாக்கா. கொக்கியைத் தூக்கியே வெச்சுக்கோ.”

அக்கா கரைக்குத் திருப்பினாள், மறுபடி கடலுக்குத் திருப்பினாள். யார்டு நகர்ந்தது, கரை விளிம்பு வந்தது, பாதித் தண்ணீர் வந்தது. அங்கேயே நின்றது. படம் உறைந்துபோயிற்று. வெளியே கிரேனின் முனகலும் நின்றது. இணைப்பு அறுந்தால் இருந்த இடத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறது அதற்கு.

“என்ன ஆச்சு?” என்றார் சூப்பர்வைசர்.

தங்கை அறைக்கு வெளியே ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். இப்போதுதான் முதல் தடவையாகக் கடல் பக்கம் திரும்பின கிரேனைப் பார்க்கிறாள். மோடம் இருக்கும் தோளுக்கும் டவருக்கும் நடுவில், கிரேனின் முதுகில் இருக்கும் எதிரெடை, வீட்டுச் சுவர் அளவு இரும்பு, வந்து நின்றிருந்தது. அதைத் தாண்டி டவர் தெரியவில்லை. மோடத்துக்கு எதிரே தெரிவதெல்லாம் தண்ணீர். தண்ணீருக்கு அப்பால், வெயிலில் ஊசி மாதிரி, எதிர்க்கரை டவர். பாவம், மோடம் யாரைப் பார்க்கும்? தெரிகிறவரைத்தானே பார்க்கும்.

உள்ளே வந்தாள். “பூட்டினா அறுந்துபோகுது. பூட்டலன்னா பிந்துது. கிரேன் கையோட நுனியில இன்னொரு ஆன்டெனா வெக்கணும். மூணு நாளாவது ஆகும்.”

“இந்த ஏழு டன்னு உங்க மாமா தலைக்கு மேல இருக்கும்போது அறுந்திருந்தா?” என்று கேட்டாள் அக்கா.

“அங்கேயே தொங்கியிருக்கும்.”

“அவர் கீழ நின்னு அதுக்கு விசிறிக்கிட்டிருப்பார்.”

யாரும் சிரிக்கவில்லை. அக்காவும்தான்.

தங்கை மேலாளரைக் கூப்பிட்டாள். கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“என் கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்.”

“என்ன விளையாடறீங்களா? எல்லாருக்கும் சொல்லியாச்சு. நம்பர்…”

“நம்பர் பெட்டிக்கு வந்ததை மட்டும் எண்ணினது. வராததை நான் எண்ணல. கடல் பக்கம் நான் ஒரு தரம்கூட அளக்கல சார். அது என் தப்பு. எழுதியே அனுப்பறேன்.”

“ஒரு நாள் எச்சரிக்கையா ஓட்டச் சொல்லுங்களேன். அவங்கதான் பழகின ஆளாச்சே.”

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்குப் போனில் பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆள் குரல் அப்படி.

“பழகினதாலதான் வேணாங்கறாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். துறைமுகத்தில் அந்தக் கிரேனை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் விடுப்பில் போயிருந்தார், வியாழக்கிழமை வருவார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். பையிலிருந்து கழுத்துப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, வேணாம்.”

“பின்ன?”

“டாக்டர் என்ன சொன்னார்? உனக்காகத்தானே இதையெல்லாம்… நீ மேல ஏறக்கூடாதுன்னுதானே நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.”

“அதான்டி வந்த வினை. எனக்காகப் போட்ட. அவர் தலைக்காகப் போட்டிருந்தா பார்த்துப் போட்டிருப்ப.” பட்டையை இழுத்து ஒட்டினாள். “மூணு நாள்தானே? ஒரு கப்பல். ஆன்டெனாவை வெச்சுட்டு வந்து சொல்லு, எறங்கி வர்றேன். அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்.”

“கை மரத்துப்போனா?”

“மரத்துப்போனா வாக்கி-டாக்கியில சொல்றேன். பிந்தாம வந்து சேரும்.”

கதவருகில் நின்று திரும்பினாள். “அந்த நாற்காலி நல்லாத்தான் இருக்குடி. விட்டுடாத.”

தங்கை வேலிவரை கூடவே போனாள். அதற்கு மேல் போகக்கூடாது. ஆரஞ்சு அட்டை. அவள் உள்ளே நுழைந்தால் கிரேன் பூட்டிக்கொள்ளும். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா ஏறுவதை எண்ணினாள். நாற்பதாவது படியில் அக்கா நின்றாள். எழுபத்திரண்டில் நின்றாள். வலது கையை உதறினாள். தொண்ணூற்றொன்பதில் நின்றபோது தங்கைக்கு எண்ணிக்கை தப்பிப்போயிற்று. கூண்டின் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துரு.

அறைக்குத் திரும்பினாள். உட்காரவே முடியாதவள் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மோடத்தைப் பூட்டின அந்த ஒரே வரியை எடுத்துவிடச் சொல்லி அனுப்பியிருந்தாள். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, படம் மறுபடி வந்துகொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்து, தேதி போட்டு, ‘கடல் பக்கம்’ என்று எழுதினாள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் திரையைப் பார்த்தாள். கொக்கி மெல்ல இறங்கியது.

மேசைமேல் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

“மேல வந்துட்டீங்களா மகாராணி?” என்றது மாமாவின் குரல். “அண்ணாந்து பார்க்கறேன், கழுத்து வலிக்குது.”

“கழுத்து வலியைப் பத்தி எங்கிட்டயா? கொக்கி வருது. எங்க நிக்கறீங்க, காட்டுங்க.”

“இப்ப.”

“தெரியுது” என்றாள் அக்கா.

திரையில் அவர் சும்மா நின்றார். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் அவர் கையைத் தூக்கினார்.